பென் டிரைவில் 31 பேக்கப் இருந்தும் நாலு மாதக் கணக்கு போய்விட்டது, இனி எப்படி வைத்துக்கொள்வது?

தாள்கடைப் பையன்

வணக்கம். ஆண்டர்சன் தெருவில் அப்பா பேப்பர் கடை வைத்திருக்கிறார். மேப்லித்தோ, ஆர்ட் பேப்பர், போர்டு. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கத்து பிரஸ்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள், பெரும்பாலும் 45 நாள், 60 நாள் கடன். நான் வேறு வேலையில் இருக்கிறேன், சனிக்கிழமை மட்டும் கடைக்குப் போவேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் தெருவில் கரண்ட் போய்ப் போய் வந்தது. யு.பி.எஸ். பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகிறது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற அதே பழைய சிபியு, மறுநாள் காலையில் ஆன் செய்தால் உள்ளே இருந்து டக், டக், டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) கணக்கு முழுவதும் அதில்தான்.

நான் பெரிதாகப் பதறவில்லை. ஏனென்றால் கடையின் அக்கவுண்டன்ட் அக்கா சனிக்கிழமை தவறாமல் பேக்கப் எடுத்து பென் டிரைவைக் கல்லாவுக்குள் வைப்பார். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன், தேதி வாரியாக 31 ஃபோல்டர், அழகாக இருந்தது. கடைசி ஃபோல்டரை ரீஸ்டோர் செய்தால் போன வருஷக் கணக்கு வருகிறது. அதற்கு முந்தியதும் அப்படியே. 31-ம் அப்படியே. ஏப்ரலில் கணக்கைப் பிரித்துப் புது வருஷத்துக்குத் தனி கம்பெனி போட்டோமே, அக்கா பேக்கப் திரையில் எப்போதும்போல முதல் பெயரைத் தேர்ந்தெடுத்து எண்டர் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு ஃபைலும் 58 எம்.பி., ஒரு புள்ளி கூடவில்லை, குறையவில்லை. அதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நானும் சனிக்கிழமை சனிக்கிழமை அந்த பென் டிரைவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டீ குடித்தேன், அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஜூலையில் ஏதோ ஜி.எஸ்.டி. சந்தேகத்துக்காக ஆடிட்டர் ஆபீசுக்கு மெயிலில் அனுப்பிய காப்பி ஒன்று கிடைத்தது, அதுவரை பிழைத்தோம். அதற்குப் பிறகு தீபாவளி, டைரி காலண்டர் சீசன், எல்லாம் போச்சு. ரெகவரி செய்கிற ஒருவர் 25,000 கேட்கிறார், வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார்.

மூன்று கேள்வி. டிஸ்க்கைக் கொடுக்கலாமா? போன நாலு மாதத்தை வேறு எங்கிருந்தாவது எடுக்க முடியுமா? இனிமேல் எப்படி வைத்துக்கொள்வது? அப்பாவுக்கு மவுஸ் பிடிக்கவே பொறுமை கிடையாது, அக்கா எட்டரைக்கு ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். அதற்குள் முடிகிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்.

ஜாபர்கான்பேட்டை ஆஃப்செட்

தம்பி, நான் உங்கள் அப்பா மாதிரி ஆட்களிடம் பேப்பர் வாங்குகிற ஆள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு நேர்ந்தது உங்களுடையதைவிடக் கேவலம்.

2015 டிசம்பர் 1 ராத்திரி. செம்பரம்பாக்கம் ஏரியில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்று பிறகு பேப்பரில் படித்தோம், அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது என்பதுதான். மெஷினைத் தூக்க முடியாது, பேப்பர் கட்டுகளை மேலே ஏற்றலாம் என்று ஆரம்பித்து இடுப்பளவு தண்ணீர் வந்ததும் விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். என்னிடம் பேக்கப் இருந்தது தம்பி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், நல்ல கம்பெனி, வாரம் இரண்டு முறை எடுப்பேன், திறந்தும் பார்ப்பேன். அதை எங்கே வைத்திருந்தேன் என்றால் கம்ப்யூட்டர் மேஜையின் கீழ் டிராயரில். பூட்டி. சாவி என் இடுப்பில். நாலு நாள் கழித்து டிராயரைத் திறந்தபோது சேறு கட்டிக்கொண்டு அச்சு வெல்லம் மாதிரி இருந்தது.

டிசைன் ஃபைல்கள்தான் எனக்கு உயிர். பத்து வருஷம் திரும்பத் திரும்ப வரும் லேபிள், பில் புக், கல்யாணப் பத்திரிகை. கணக்கையாவது எப்படியோ எழுதிவிடலாம், வாடிக்கையாளர் "போன தடவை அடித்ததையே அடிங்க" என்று சொன்னால் என்ன செய்வேன்? பழைய பிரிண்டை ஸ்கேன் செய்து ஒவ்வொன்றாகத் திரும்ப வரைந்தோம், அதற்கே ஒரு வருஷம் ஆனது.

இப்போது இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்றில் சிவப்பு இன்சுலேஷன் டேப், இன்னொன்றில் மஞ்சள். ஒன்று கடையில் இருந்தால் மற்றது வீட்டில், என் வீடு மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி. புதன்கிழமை காலையில் சாப்பாட்டுக் கூடையில் ஒன்று வரும், ராத்திரி மற்றது போகும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்கவே கூடாது என்பதுதான் சட்டம், அதனால் புது டிஸ்க்கில் ஏற்றிய பிறகு பழையது வெளியே போகும் வரைக்கும் அன்றைய பகல் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதற்காக மூன்றாவதாக நீலம் வாங்கலாமா என்று யோசிக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் பார்த்தேன், நஷ்டமும் பார்த்தேன், ஆனால் ஃபைலைப் பற்றி ஒரு நிமிஷம்கூடக் கவலைப்படவில்லை.

கல்லாவில் வைக்காதீர்கள். திருடன் வந்தால் முதலில் கல்லாவைத்தான் தூக்குவான்.

கிளவுட்காரன்

இவ்வளவு பாடு எதற்கு ப்ரோ? டாலி ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவில் போட்டுவிடுங்கள், தானாகவே சிங்க் ஆகும். சிவப்பு டேப் மஞ்சள் டேப் எல்லாம் போன நூற்றாண்டு.

பழுதுபெட்டி

ரிச்சி தெருப் பக்கம் பதினைந்து வருஷமாக சர்வீஸ் வேலை பார்க்கிறேன். கேள்வி வரிசையில் சொல்கிறேன், நடுவில் கிளவுட்காரருக்கும் பதில் வரும்.

டக் டக் சத்தம் என்றால் உள்ளே தலை (சுழலும் தட்டில் எழுதிப் படிக்கும் முனை) அடிபட்டிருக்க நிறைய வாய்ப்பு. இனிமேல் அந்த டிஸ்க்குக்குக் கரண்டே கொடுக்காதீர்கள், "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்கிற ஒவ்வொரு தடவையும் தட்டில் கீறல் விழும். ஃப்ரீசரில் வைத்தால் வரும் என்று ஒருவர் சொல்வார், செய்யாதீர்கள், ஈரம் கோத்து இருப்பதும் போகும். தூசியில்லாத அறையில் திறந்து தலை மாற்றுகிற இடமா, இல்லை மேஜை மேலேயே மூடியைக் கழற்றுகிற இடமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். 25,000 கொடுப்பதா வேண்டாமா என்பது நாலு மாதக் கணக்கைத் திரும்பப் போட எத்தனை ஆள், எத்தனை நாள் ஆகும் என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், பில் கார்பன் காப்பி இருந்தால் கொடுக்க மாட்டேன். ஒன்று, புதிதாக வாங்கும் மெஷினில் சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்க்தான் வரும். வேகம் பிரமாதம், ஆனால் அதில் ஒரு ஃபைலை அழித்தால் அந்த இடத்தை டிஸ்க்கே பின்னணியில் துடைத்துவிடும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் தோண்டி எடுத்த மாதிரி எடுக்க முடியாது. அழித்துவிட்டு எங்களிடம் ஓடி வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் கையை விரிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கிளவுட்காரர் சொன்னது பாதி சரி. ஓடிக்கொண்டிருக்கிற டாலி ஃபோல்டரை சிங்க் ஃபோல்டருக்குள் வைத்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி ஃபைல் மேலே போகும், இரண்டு மெஷின் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று எழுதும், கணக்கு கெட்டுப்போகும். அதைவிட முக்கியம், சிங்க் என்பது நிழல் மாதிரி. நீங்கள் அழித்தால் அங்கும் அழியும். கூகுள் டிரைவ் குப்பையில் 30 நாள் கிடக்கும், ஃபைலின் பழைய வடிவங்களும் 30 நாள் அல்லது 100 வடிவம், அவ்வளவுதான். உங்கள் அக்கா செய்த மாதிரித் தவறு ஏழு மாதம் கழித்துத்தானே தெரிந்தது? விண்டோசில் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை போட்டு மிர்ரர் (இரண்டு பக்கமும் ஒரே மாதிரி) செய்கிறவர்களுக்கும் இதே கதை, இந்தப் பக்கம் காலியானால் அந்தப் பக்கத்தையும் விசுவாசமாகக் காலி செய்துவிடும்.

இன்னொன்று, எப்போதும் சொருகியே வைத்திருக்கும் டிஸ்க். அம்பத்தூரில் ஒரு பேக்கிங் யூனிட், டிசைனர் பையன் ஏதோ கிராக் சாஃப்ட்வேர் இறக்கினான். மறுநாள் எல்லா ஃபைலின் வாலிலும் புதிதாக நாலு எழுத்து, ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ரீட்மீ. 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490. ஆடித் தள்ளுபடி மாதிரி. ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ்களில் ஸ்டாப் என்று ஒரு குடும்பம் அது, கிராக் வழியாகத்தான் பரவும். பின்னால் சொருகியிருந்த பேக்கப் டிஸ்க்கையும் அது விட்டுவைக்கவில்லை, கம்ப்யூட்டருக்கு அது இ டிரைவ்தானே. நோ மோர் ரான்சம் என்று ஐரோப்பியப் போலீசும் ஆன்டிவைரஸ் கம்பெனிகளும் சேர்ந்து 2016-ல் ஆரம்பித்த தளம் இருக்கிறது, சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கும். எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஓனர் ஐந்து மாதத்துக்கு முன்பு வீட்டு லேப்டாப்பில் ஏற்றிவைத்த ஒரு காப்பிதான் காப்பாற்றியது.

அதனால் எடுத்ததும் பிடுங்கி வைக்க வேண்டும்.

பெரிய இடங்களுக்கும் இதுதான் நடக்கிறது. கிட்லேப் என்று உலகம் முழுக்க நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் சேவை, 2017 ஜனவரி 31 அன்று அவர்கள் ஆளே தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தது, ஒன்றும் உருப்படியாக வேலை செய்யவில்லை. ஒன்று வெறும் காலி, பிழை என்று போன எச்சரிக்கை மெயில்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் எதேச்சையாக எடுத்த காப்பியை வைத்துத்தான் எழுந்தார்கள். உங்கள் ஜூலை மெயில் மாதிரியே. அவர்களே அதை வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள், அந்த நேர்மைக்காக எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

உங்கள் கடைக்கு நான் செய்தால் இப்படிச் செய்வேன். தினமும் கடை மூடும் முன் டாலியில் ஆல்ட்டும் ஒய்யும், பேக்கப், எல்லா கம்பெனியையும் தேர்ந்தெடுத்து அன்றைய தேதி போட்ட ஃபோல்டருக்கு. 58 எம்.பி. என்றால் நேரமே ஆகாது. அந்த பேக்கப் ஃபோல்டரை மட்டும் (டாலி ஓடும் ஃபோல்டரை இல்லை) டிரைவில் ஏற்றுங்கள், இலவச 15 ஜி.பி. போதும், ஆனால் அதே அக்கவுண்டில் அப்பாவின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இருந்தால் அதுவும் அந்த 15-ல்தான் சேரும், கல்யாண வீடியோவெல்லாம் வந்து நிரம்பி நின்றுவிடும், அதனால் கடைக்குத் தனி அக்கவுண்ட். சனிக்கிழமை நீங்கள் வரும்போது ஒரு டிஸ்க்கில் ஏற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மாதம் ஒரு முறை உங்கள் லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து பாருங்கள், லைசென்ஸ் வேண்டாம், டாலியில் கற்றுக்கொள்கிறவர்களுக்காக இருக்கும் எஜுகேஷனல் மோடிலேயே திறந்து பார்க்கலாம். நேற்றைய கடைசி பில் நம்பர் தெரிகிறதா? அது ஒன்றுதான் பரீட்சை.

டாலி வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். வேலையை விட்டுப் போன ஆளின் தலையில் பாஸ்வேர்டு இருந்த ஒரு கடைக்குப் போயிருக்கிறேன், பேக்கப் பத்திரமாக இருந்தது, திறக்கத்தான் முடியவில்லை.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்

இரண்டாவது கேள்விக்கு நான். விற்பனை: ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) தாக்கல் ஆன மாதங்களுக்கு ஜி.எஸ்.டி. நம்பர் உள்ள வாடிக்கையாளரின் பில் ஒவ்வொன்றும் நம்பர், தேதி, தொகையோடு போர்ட்டலில் இருக்கிறது, இறக்கிக்கொள்ளலாம். நம்பர் இல்லாத சின்ன பிரஸ்களுக்கு மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும், அதற்குக் கார்பன் காப்பிதான் கதி. கொள்முதல்: ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் (நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்துப் போர்ட்டல் தரும் பட்டியல்) மில்காரர்கள் போட்ட பில் எல்லாம் வந்திருக்கும். செக், ஆன்லைன் வரவு பேங்க் ஸ்டேட்மென்ட்டில். கிடைக்காதது ரொக்க வசூலும், எந்த பில்லுக்கு எவ்வளவு கழித்தோம் என்பதும். அதை எந்த அரசாங்கமும் உங்களுக்காக வைத்திருக்காது.

பலருக்குத் தெரியாத ஒன்று. கணினியில் கணக்கு வைத்தால் பேக்கப் வைப்பது இஷ்டப்பட்டால் செய்கிற விஷயம் இல்லை. ஜி.எஸ்.டி. விதி 57 அதையேதான் சொல்கிறது, விபத்தாலோ இயற்கையாலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கிற மாதிரி மின்னணுப் பேக்கப் இருக்க வேண்டும் என்று. பிரிவு 36-ன்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், அதாவது 2023-24 கணக்கு 2030 டிசம்பர் 31 வரை. வழக்கு நடந்தால் இன்னும் நீளும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிச் சட்டம் பிரிவு 128, எட்டு நிதியாண்டு. 2022 ஆகஸ்டிலிருந்து கம்பெனிகள் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும் என்றும் விதியைத் திருத்திவிட்டார்கள். உங்களுடையது அப்பா பேரில் இருக்கும் கடை என்றால் அந்தக் கடைசி இரண்டும் உங்களுக்கு இல்லை.

"தண்ணீர் வந்தது, டிஸ்க் போய்விட்டது" என்று நோட்டீசுக்குப் பதில் எழுதிப் பார்த்திருக்கிறேன். எடுத்த கிரெடிட்டுக்கு (கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டதற்கு) ஆதாரம் காட்டும் பொறுப்பு நம் தலையில், அதிகாரி பரிதாபப்படுவார், பிறகு ஆர்டர் போடுவார்.

கிளவுட்காரன்

சரி, ஒப்புக்கொள்கிறேன், சிங்க் வேறு பேக்கப் வேறு. ஆனாலும் வீட்டுக்கு டிஸ்க் தூக்கிப் போவதைவிட டேட்டா சென்டர் பத்திரம்தானே?

ஜாபர்கான்பேட்டை ஆஃப்செட்

டேட்டா சென்டரும் எரியும் தம்பி. 2021 மார்ச் 10, பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க், ஓ.வி.எச். கம்பெனியின் ஒரு கட்டடம் முழுசாக எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு இரண்டுமே போனது. என் கீழ் டிராயர்தான், கொஞ்சம் பெரிய டிராயர். நானும் டிரைவில் ஏற்றுகிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மட்டும் போதும் என்றுதான் சொல்லாதீர்கள். மூன்று காப்பி, இரண்டு வகை இடம், ஒன்று வெளியே என்பார்கள், பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய கணக்கு. படம் எடுக்கிறவருக்கு ஃபைலின் அருமை தெரியும்.

பழுதுபெட்டி

கூடவே, அந்த அக்கவுண்ட் யார் போன் நம்பரில் இருக்கிறது என்று பாருங்கள். ஓ.டி.பி. போகிற நம்பர் போன வருஷம் நின்றுபோன பையனுடையது என்றால் அது அவனுடைய பேக்கப்.

தாள்கடைப் பையன்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிறது, நிலவரம் சொல்கிறேன்.

டிஸ்க்கை ரெகவரிக்குக் கொடுக்கவில்லை. போர்ட்டலிலிருந்து விற்பனை, கொள்முதல் எடுத்தோம், கார்பன் காப்பி கட்டுக்கட்டாக இருந்தது, அக்காவும் அவர் தங்கையும் ஒன்பது நாள் உட்கார்ந்து ஏற்றினார்கள். ரொக்க வசூலுக்கு அப்பாவின் சிட்டை நோட்டு. அதில் அவருக்கு மட்டும் புரியும் கோடுகள், "கண்ணாடி 12", "மாடி 8" என்று. கண்ணாடி என்றால் கண்ணாடி போட்ட பிரஸ்காரராம், 12 என்றால் பன்னிரண்டாயிரமாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன், ஆறு வருஷத்தில் அப்பாவோடு இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. ராயப்பேட்டை வாடிக்கையாளர் ஒருவர் தன் லெட்ஜரையே பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார், தொகை எங்கள் கணக்கைவிட அவர் அதிகமாகத் தர வேண்டியதாகவே காட்டியது. இன்னொருவர் "நான்தான் போன மாசமே கேஷா கொடுத்துட்டேனே" என்கிறார். சிட்டையில் இல்லை. அப்பா விட்டுவிடு என்கிறார், எனக்கு மனசு ஆறவில்லை.

யு.பி.எஸ்.க்கு பேட்டரி மாற்றியாச்சு. இரண்டு டிஸ்க் வாங்கினேன், டேப் ஐடியா அப்படியே சுட்டது, பச்சையும் கறுப்பும். அக்கா தானாகவே ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு தேதி, கம்பெனி பெயர், எத்தனை எம்.பி., கையெழுத்து என்று எழுத ஆரம்பித்திருக்கிறார். நேற்று எட்டு இருபதுக்கு போன்: "தம்பி, முந்தாநாள் வந்த நம்பரே இன்னைக்கும் வருது, ரெண்டு நாளா பில் போட்டிருக்கோமே?" பார்த்தால் ஒரே கம்பெனியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், மறுபடியும் பழையது. திரும்ப எடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். வழக்கமான ரயில் போய்விட்டது என்று வாட்ஸ்அப்பில் முகம் சுளிக்கும் பொம்மை வந்தது.

கடைசியாக ஒன்று, அந்த டக் டக் டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாமா?

பழுதுபெட்டி

அப்படியே போடாதீர்கள். உங்களால் படிக்க முடியவில்லை என்றால் யாராலும் முடியாது என்று அர்த்தமில்லை, ஊர்க் கடன் பாக்கியெல்லாம் அதில் இருக்கிறது. கணக்கு முழுவதும் ஒத்துப்போய் ஆடிட் முடியும் வரை ஒரு கவரில் போட்டு வையுங்கள். அப்புறம் கடைக்குக் கொண்டுவாருங்கள், துளை போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.